ஒரு சாண் கறுப்பு மண்

திருவொற்றியூருக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாய் ஓரம் கன்னியம்மா கீரை போட்டிருந்த மண், சர்க்கார் பரிசோதனையில் முதல் தரம் என்று தேறியது. பிள்ளை பரீட்சையில் தேறினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். இந்த வீட்டில் அன்றைக்கு உலையே வைக்கவில்லை. தேறிய சேதி வந்த கையோடு தோட்டம் போய்விட்டது.

சேதியைக் கொண்டுவந்தவர் நிலத்துக்குச் சொந்தக்காரரான ஞானதுரை. தெற்கே சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். ஜட்காவை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் நடந்து வந்தார். நடையிலேயே சந்தோஷம் தெரிந்தது.

கன்னியம்மா முளைக்கீரைப் பாத்தியில் குந்திக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மண்ணாங்கட்டி எருக்குழியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். மூத்த பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்த ஒரு தாய், இதையாவது எமன் சீந்தாமல் விடட்டும் என்று வைத்த பெயர் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட நாளிலிருந்து தோட்டம்தான் அவனுக்கும் கதி.

"மண்ணாங்கட்டி, சேதி தெரியுமாடே? விவசாய ஆபீசுல இருந்து நம்ம மண்டிக்குக் காயிதம் வந்திருக்கு. முதல் தரமாம்! உப்பே கிடையாதாம். மக்குன எருச் சத்து அவ்வளவு இருக்காம். கீழ்மண்ணும் அப்படித்தானாம்."

மண்ணாங்கட்டிக்கு வாயெல்லாம் பல். "பரிசு உண்டா மொதலாளி? மண்ணுப் போட்டியில ஜெயிச்சா மம்முட்டியும் பூவாளியும் தர்றதா ஆபீசரு சொன்னாரு."

"பூவாளி கிடக்குடே. நான் சொல்லுததைக் கேளு. இங்கன வாழைத் தோட்டம் போடப் போறேன். ஊர்ல கன்னுக்குச் சொல்லியாச்சு. புரட்டாசி முடியுததுக்குள்ள கீரையை எல்லாம் அறுத்துக்கிடுங்க."

கன்னியம்மா களையும் கையுமாக எழுந்து நின்றாள். "அப்போ நாங்கோ?"

"ஒங்களை விட்ருவனாம்மா? வாழைக்குத் தண்ணி கட்ட ஆள் வேணும்லா. ரெண்டு பேரும் இருங்க. கூலி தாரேன்."

அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். போகும்போது மறக்காமல் ரெண்டு கட்டு அரைக்கீரை வாங்கிக்கொண்டு போனார். அதற்குக் காசு கிடையாது. வாரா வாரம் அவர் வீட்டுக்குக் கீரை போவதுதான் அந்த நிலத்துக்கு வாடகை.

அந்த நிலம் இருந்த லட்சணத்தைச் சொன்னால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது ஏன் என்று விளங்கும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம், ஞானதுரையும் குடும்பத்தோடு தெற்கே கிளம்பினார். கிளம்பும்போது, யாரோ அவர் தலையில் கட்டிவிட்டுப் போன இந்தத் துண்டு நிலத்தை, "சும்மா பாத்துக்கிடுங்க, என்ன வேணும்னாலும் போட்டுக்கிடுங்க" என்று இவர்களிடம் விட்டுப் போனார். போடுவதற்கு அங்கே என்ன இருந்தது? ஒரு கிணறு, மற்றதெல்லாம் வெறும் உவர் மணல். விடியற்காலையில் பார்த்தால் தரை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். புல் கூட முளைக்காது.

முதல் மழைக்கு நாலு பக்கமும் வரப்பை உயர்த்தி, விழுந்த தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கீழே இறக்கினார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, அது பூ எடுக்கும் சமயம் மிதித்து மண்ணோடு மண்ணாகப் புதைத்தார்கள். பிறகு எருக்குழி. ராயபுரம் மீன்காரிகள் கழித்துப் போடும் இறால் தலை, காலடிப்பேட்டை ஜட்காக்காரன் ரஷீதின் லாயத்தில் குதிரை மூத்திரத்தில் ஊறிய வைக்கோல், பிரித்துப் போட்ட பழங்கூரைக் கீற்று, நெல் மில்லில் கொட்டும் உமிச் சாம்பல், எல்லாவற்றையும் கன்னியம்மா தலையில் சுமந்தாள். அவள் கூடையோடு வந்தால் தெருவே மூக்கைப் பொத்தும். கலீஜ் கன்னியம்மா என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஒருதரம் மண்ணாங்கட்டி, ஓசியில் கிடைக்கிறதே என்று பேசின் பிரிட்ஜ் யார்டிலிருந்து ரயில் இஞ்சின் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டி, ஒரு பாத்தியே சிமிட்டித் தரையாக இறுகிப் போனது. அதைக் கொத்திக் கொத்தி ஆற்றுவதற்கு அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

குழியில் அடுக்கியதை அவசரப்பட்டு எடுக்கமாட்டாள். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்ப்பாள். சூடு இருந்தால் மூடிவிடுவாள். சூடு ஆறி, நாற்றம் போய், மழை பெய்த தரையின் வாசனை வந்த பிறகுதான் பாத்திக்குப் போகும். முதலில் பருப்புக்கீரை வந்தது, அது உப்பிலும் வரும். முளைக்கீரை வர நாலு வருஷம் ஆயிற்று. இப்போது ஒன்பதாவது வருஷம். மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு மண், கையில் பிடித்தால் பிடிக்கு நிற்கும், தட்டினால் உதிரும். அதற்குக் கீழே தோண்டினால் அன்றைக்கு இருந்த அதே வெள்ளை உவர்தான்.

இந்த நிலத்தில் கீழ்மண்ணும் முதல் தரமாம். கன்னியம்மா அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். பழைய சோற்றில் கையை வைத்த புருஷன் எதிரே போய் நின்றாள்.

"ஆபீசரு மண்ணு எங்கெங்க எடுக்கச் சொன்னாரு?"

"அதான் அஞ்சு எடத்துல."

"அப்பால?"

"மேல் மண்ணு ஒரு பையி, ஒரு சாணுக்குக் கீழ தோண்டி எடுத்தது ஒரு பையி."

விவசாய இலாகாவிலிருந்து வந்த சுப்புராயன் வெயிலில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். எப்படித் தோண்டவேண்டும், எதைக் கலக்கவேண்டும் என்று கையால் செய்தே காட்டினார். நாளைக்குப் பையன் வருவான், நிரப்பி வையுங்கள் என்று துணிப்பைகளை மண்ணாங்கட்டியிடம் கொடுத்துப் போனார். கன்னியம்மா அன்றைக்குக் கீரை விற்க ராயபுரம் போயிருந்தாள்.

"நீ எங்க எடுத்தே?"

மண்ணாங்கட்டி சோற்றைப் பிசைந்தான்.

"கேக்குறேன்ல? எங்கய்யா எடுத்தே?"

"எருக்குழி அடியில. சல்லடையில சலிச்சு..."

"ரெண்டு பைக்குமா?"

"ஆமாமே, போட்டோ புடிக்கச் சொல்ல மூஞ்சி கழுவிகினு, பவுடர் போட்டுகினுதானே நிக்கிறோம்? அழுக்குத் துணியோடவா போய் நிப்பாங்க? நம்ம மண்ணும் நாலு பேரு எதிர்ல போய் நிக்குதே, நல்லா நிக்கட்டும்னு..."

"பவுடரா? பேமானி! ஒம்போது வருசம் நான் பீயும் பிண்டமும் சொமந்தது நீ பவுடர் பூசறதுக்கா? கீழ உப்பு கீதுன்னு உள்ளதை அனுப்பியிருந்தா அந்தாளு இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்திருப்பானா? உப்புதான்யா நமக்குக் காவலு! அதை நீயே கழுவி ஊத்திட்டியே!"

கையிலிருந்த அகப்பையை வீசினாள். அவன் குனிந்துகொண்டதால் அது தட்டியில் பட்டு விழுந்தது. அவன் அதை எடுத்து, கழுவி, இருந்த இடத்தில் சொருகினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கன்னியம்மா கீரை இல்லாமல் மண்டிக்குப் போனாள். முந்தானையில் கீழ்மண் ஒரு பிடி முடிந்திருந்தாள். மண்டியில் கருப்பட்டி அடைத்த ஓலைக் கொட்டான்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானதுரையின் சம்சாரம் ஞானசெல்வி உள்ளேயிருந்து கருப்பட்டிக் காபியோடு வந்தாள். கன்னியம்மா அதை வாங்கவில்லை.

"மொதலாளி, அந்தக் காயிதம் தப்பு. எங்க வூட்டு ஆளு குழி எருவை பையில போட்டு அனுப்பிட்டான். கீழ உப்பு அப்படியே கீது. வாழை வேரு ஒரு சாணோட நிக்குமா? இறங்கும். இறங்குச்சுன்னா கருகிடும். இதோ பாரு கீழ்மண்ணு."

ஞானதுரை மண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது என் நிலத்து மண்ணுன்னு எப்படித் தெரியும்? வார வழியில கடக்கரையில அள்ளியிருப்ப."

"ஒரு எட்டு வந்து தோண்டிப் பாரேன்."

"சர்க்காரு பாத்தாச்சு, நான் வேற பாக்கணுமா? ஏம்மா, ஒன்னு கேக்கேன். அன்னைக்கு சர்க்காரை ஏமாத்துனீங்களா, இன்னைக்கு என்னை ஏமாத்துதியளா? ரெண்டுல ஒன்னு பொய்யிதானே? எதுன்னு நீயே சொல்லு."

எடைக்காரன் சிரித்தான். உண்மையைக் கொண்டுவந்து எதிரே வைத்தால் அதுவே பொய்யாகி நிற்கிறது. இதற்கு அவள் என்ன செய்வாள்?

"ஏங்க, அவ சொல்லுததையும் கொஞ்சம் கேளுங்க" என்றாள் ஞானசெல்வி. "வாரம் தப்பாம கீரை கொண்டாந்து போட்டவ."

"நீ உள்ள போ." பிறகு குரலை இறக்கிக்கொண்டு அவரே சொன்னார்: "கன்னியம்மா, எங்க அய்யா தேரிக்காட்டுல குடங்குடமாத் தண்ணி சுமந்து நாலு வாழை வச்சாரு. தாறு விடுததுக்குள்ள காத்துல செம்மண்ணு வந்து மூடிட்டு. கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குத மாதிரி அதைப் பாத்துக்கிட்டே நின்னாரு. எனக்கும் வயசாகுது. சொந்த மண்ணுல ஒரு வாழைத்தாறு வெட்டணும். அது தப்பா?"

"தப்பு இல்ல. ஒங்க நைனா வாழையைக் காத்து மூடிச்சு, அது காத்து, அதுக்குக் கண்ணு தெரியாது. நீ கண்ணைத் தொறந்துகினே என் கீரையை மூடுறியே!"

"நிலம் யாருதும்மா?"

"உன்னுதுதான்."

"பெறவு என்ன பேச்சு?"

"நெலம் உன்னுது. அந்தக் கறுப்பு மண்ணு யாருது?"

"நிலம்னாலே மண்ணுதானம்மா. ரெண்டும் வேற வேறயா?" மண்டியே சிரித்தது. ஞானதுரையும் சிரித்தார்.

கன்னியம்மா முந்தானையை உதறினாள். வெள்ளை மணல் கல்லாப்பெட்டி எதிரே சிதறியது. "சரி மொதலாளி. நீ குடுத்தது எப்படிக் குடுத்தியோ, அப்படியே உன்கிட்ட வந்துரும்."

"அதான் மரியாதை" என்றார் அவர்.

திரும்பி நடந்து வரும் வழி முழுக்க அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வீட்டுக்கு வந்தபோது மண்ணாங்கட்டி வாசலிலேயே காத்திருந்தான். குற்றம் செய்தவனுக்கு யோசனை நிறைய வரும்.

"நான் ஒன்னு சொல்றேன்மே, கோச்சுக்காத. கால்வாயில தண்ணி ஏறுற நேரம் பாத்து கரையை ரெண்டு வெட்டு வெட்டி வுட்டுட்டா போதும். உப்புத் தண்ணி உள்ள பூந்துரும். ஒரே நாளு. அவரு வாழை வெக்கிறதை நானும் பாக்குறேன்."

கன்னியம்மா அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவள் பொருளைத்தான் வீசியிருக்கிறாள், கையை ஓங்கியது அன்றைக்குத்தான்.

"அது இன்னாய்யா பாவம் பண்ணிச்சு? அந்தாளு மேல கோவம்னா அந்தாளைப் போய் அடி. மண்ணையா சாவடிப்பே? எடுறா மம்முட்டியை."

விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. முதலில் இருக்கிற கீரையை எல்லாம் வேரோடு பிடுங்கிக் கட்டினாள். பிறகு ஓரப் பாத்தியிலிருந்து மேல்மண்ணை வழிக்க ஆரம்பித்தார்கள். மண்வெட்டியைச் செங்குத்தாகப் போட்டால் உவரும் சேர்ந்து வந்துவிடும். சாய்த்துப் பிடித்து, தோசையைத் திருப்புகிற மாதிரி, கறுப்பை மட்டும் தூக்கவேண்டும். வெள்ளை தெரிந்த இடத்தில் நிறுத்தவேண்டும். மண்ணாங்கட்டி முதுகைப் பிடித்துக்கொண்டே வழித்தான்.

வைக்கோலை இறக்க வந்த ரஷீது வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, பொதையல் கிதையல் கீதா?"

"ஆமா, நான் பொதைச்சதுதான். தோண்டி எடுத்துகினு போறேன்."

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல ரஷீதின் முகம் மாறியது. "அடப்பாவி மனுசா! இவ்ளோ பேஜாரு ஆயிருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா. லாயத்துக்குப் பின்னால எங்க வாப்பா வுட்டுட்டுப் போன எடம் சும்மாத்தான் கெடக்குது. கொஞ்சூண்டு எடம்தான். ரெண்டு மூணு பாத்தி வரும். கொண்டாந்து கொட்டுக்கா."

"நாளைக்கு நீயும் வாழை வெப்பியா?"

"நம்ம குதிரைக்கு ஏதுக்கா வாழை? பத்திரம் எழுதித் தர்றேன், கைநாட்டு வெக்கிறேன், போதுமா?"

அன்றைக்கு ரஷீது சவாரி போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ஜட்காவின் கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மண் அடித்தான். லாயத்துப் பின்னால் இடம் நிறைந்துவிட்டது. தோட்டத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அந்த மீதியை என்ன செய்வது? ஒரு இரவு முழுக்கக் கன்னியம்மா புரண்டாள். விட்டுவிட்டுப் போக மனசு இடம் கொடுக்கவில்லை. காலையில் கால்வாய்க் கரையில் கீரை போடுகிறவர்கள், வாசலில் அவரைக்கொடி விட்டிருப்பவர்கள் எல்லாருக்கும் சொல்லி அனுப்பினாள்: கூடை எடுத்து வாங்க, மண் தர்றேன். எருவாகவே ஒரு சாண் மண் சும்மா கிடைக்கிறது என்றால் யார் வரமாட்டார்கள்? கூடை, அன்னக்கூடை, கோணிப்பை, ஓட்டைத் தகர டின் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். கலீஜ் என்று மூக்கைப் பொத்தினவர்களும் வந்தார்கள். கன்னியம்மா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கேட்டாள்.

"எதுக்கு எடுத்துனு போறே?"

"பொடலங்கா நட்டுகீறேன்."

"நல்லா வரும். காய வுடாத. மேல கீத்து போட்டு மூடி வை. நீ எதுக்கு?"

"வூட்டுத் தரை பள்ளமா கீது, கொட்டி மெழுவலாம்னு..."

"கொட்டு கீழே! தரை மெழுவ எடுத்துனு போறாளாம்! ஒம்போது வருசம்டி! கொட்டுடி கீழே!"

அந்தப் பெண் பயந்துபோய்க் கொட்டிவிட்டு ஓடினாள். கன்னியம்மா கொட்டிய மண்ணைக் கையாலேயே அள்ளிக் கூட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒருத்தி கூடையில் ஒரு பாத்தி, இன்னொருத்தி டின்னில் அரைப் பாத்தி என்று தோட்டம் துண்டு துண்டாகத் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு அடுத்த கூடையை நிரப்பினாள்.

ஞானதுரை சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஊரிலிருந்து கன்று வந்து இறங்கினதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னால் மாட்டுவண்டி நிறைய வாழைக்கன்று, வேரில் ஈரச்சாக்கு சுற்றி, அழகாக அடுக்கியிருந்தது. வரப்பு மேல் ஏறினவர் அங்கேயே நின்றுவிட்டார். நாலு வரப்புக்கும் நடுவே ஒரு பள்ளம், அதில் வெயில் பட்டு வெள்ளை வெளேர் என்று உவர் மணல். கடைசிப் பாத்தியின் மூலையில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. அதை மண்ணாங்கட்டி வழித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே! என்ன காரியம்லே பண்ணிருக்கிய? மண்ணைத் திருடிட்டியளே! போலீசைக் கூட்டிட்டு வாரேன், ஒங்க ரெண்டு பேரையும் உள்ள தள்ளுதேன்!"

மண்ணாங்கட்டி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். கன்னியம்மா கட்டவில்லை.

"கூப்புடு. வந்தா இன்னா காணோம்னு சொல்லுவே? நாலு பக்கம் வரப்பு கீது. கெணறு கீது. ஜப்பான்காரனுக்குப் பயந்து நீ ஓடறப்ப குடுத்தது இதுதான். ஒரு பிடி கொறையுதான்னு பாத்துக்கோ."

ஞானதுரை பள்ளத்தில் இறங்கினார். இங்கே குனிந்து தோண்டினார், அங்கே போய்த் தோண்டினார். எங்கே தோண்டினாலும் வெள்ளைதான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். காறித் துப்பினார். அவரும் மண்ணில் பிறந்து வளர்ந்தவர்தானே, அதற்கு மேல் அவருக்கு ஆபீசரும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியிலிருந்த கன்றுகளைப் பார்த்தார்.

"நீ மண்டியில சொன்னது நெசந்தான்" என்றார்.

கன்னியம்மா கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"போனது போகட்டும். அந்த மண்ணைத் திரும்பக் கொண்டாந்து போடுங்க. வண்டிக்கூலி நான் தாரேன். வாழை வேண்டாம், ஒன்னும் வேண்டாம். நீங்களே இருங்க. பழையபடி கீரை போடுங்க."

மண்ணாங்கட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். "மொதலாளி, நீ நல்லா இருக்கணும். நாளைக்கே ஆரம்பிச்சுடறோம். இன்னாமே, சொல்லுமே."

கன்னியம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். கை, முகம், மயிர் எல்லாம் மண்.

"ஊருக்கு வாரிக் குடுத்தது குடுத்ததுதான், அதைக் கேக்க மாட்டேன். மிச்சத்தைக் கொண்டாந்து போட்டாலும் நெரப்பறதுக்கு இன்னும் நாலஞ்சு வருசம் சொமக்கணும். சொமக்குறேன், அது எனக்குப் பெருசு இல்ல. நீ ஒன்னே ஒன்னு சொல்லு. நான் சொமந்து, சொமந்து, அது ரெண்டு சாணு கறுப்பாச்சுன்னு வெச்சுக்கோ. வாழை வேரு நிக்கிற அளவுக்கு ஆச்சு. அன்னிக்கு நீ வண்டியில கன்னு ஏத்திகினு இங்க வருவியா, மாட்டியா?"

ஞானதுரை வாயைத் திறந்தார். வரமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் மண்ணாங்கட்டி அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பான். ஆனால் அவர் கண் மறுபடியும் வண்டிப் பக்கம் போனது. ஈரச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அவர் கண் போன திசையில் கன்னியம்மாவும் கன்றுகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கடைசி மூலையில் கிடந்த கறுப்பு மண்ணைத் தானே வழித்துக் கூடையில் போட்டாள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள்.

"இன்னாய்யா பாத்துகினு நிக்கிறே? தூக்கி வுடு."